முதலில் ராடு, பிறகுதான் எடை

கேள்வி:

ஐயா, என் கணவர் கார்டைட் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கிறார். அருவங்காட்டிலேயே ரோட்டுக்குக் கீழே, நாற்பது படி இறங்கிப் போகிற இடத்தில் சொந்தமாக வீடு கட்டியிருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், வயது 15. மீராபாய் சானு பற்றிப் படித்ததிலிருந்து பளுதூக்கும் ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. உடம்பு அதற்குத் தோதாக இருக்கிறது என்று பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையும் சொல்லிவிட்டார். ஆனால் தினமும் குன்னூருக்கு அனுப்ப முடியவில்லை. மாலையில் பனிமூட்டம் இறங்கிவிடுகிறது, காட்டுமாடு நடமாட்டமும் அதிகம். அதனால் வீட்டிலேயே ஒரு ஜிம் வைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். 40,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும்.

கணவர் மொபைலில் ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறார். 100 கிலோ பிளேட், நான்கு ராடு, மடக்கும் பெஞ்ச், டம்பெல், கையுறை எல்லாம் சேர்ந்தது. விலை எங்கள் கைக்கு அடக்கமாக இருக்கிறது. வாங்கலாமா? வைப்பதற்கு இரண்டு அறைகள் உள்ளன. பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்த அறை நல்ல வெளிச்சம், அதற்குக் கீழே வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மேட்டுப் பக்கம் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூம் 11 அடிக்கு 9 அடி, உயரம் 9 அடி, ஆனால் ஒரு சுவரில் ஓதம் ஏறுகிறது. பெண்பிள்ளை வெயிட் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். எனக்கு 43 வயது, முட்டி வலி உண்டு. நானும் அவளோடு சேர்ந்து செய்யலாமா?

- ஒரு வாசகி, அருவங்காடு

பதில்:

அன்புச் சகோதரிக்கு, அந்த 100 கிலோ செட்டை வாங்க வேண்டாம்.

அதை விற்பவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கை காலை அசைத்து உடம்பைச் சுறுசுறுப்பாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அது ஓரளவு உதவும். உங்கள் மகள் கேட்பது பளுதூக்குதல். அந்தச் செட்டில் வரும் பிளேட்டுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் கலவை அடைத்தவை. பத்துக் கிலோ பிளேட்டே தடித்துப் போயிருக்கும், நாலைந்து மாட்டியதும் ராடில் இடம் தீர்ந்துவிடும். இரண்டு தடவை தரையில் பட்டால் ஓடு விரிந்து சிமென்ட் தூள் கொட்டும். நான்கு ராடு என்கிறார்கள். அவற்றில் நீளமானதே பெரும்பாலும் ஐந்தடிதான் இருக்கும், அதன் முனையும் நடுப்பகுதியும் ஒரே கம்பி. கையில் பிடித்த கம்பி திரும்பினால் பிளேட்டும் சேர்ந்து திரும்பும். எடையைத் தரையிலிருந்து இழுத்து, மணிக்கட்டைத் திருப்பித் தோளில் வாங்குகிற விளையாட்டில், அந்தத் திருகல் முழுவதும் பிள்ளையின் மணிக்கட்டிலும் முழங்கையிலும்தான் போய் விழும்.

ஆகவே 40,000 ரூபாயில் முதல் பணத்தை ராடுக்கு ஒதுக்குங்கள். மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனாலும் கவலைப்பட வேண்டாம். பிளேட்டை மாதம் ஒரு ஜோடியாகச் சேர்க்கலாம், தரையை நாமே போடலாம், ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில்கூடச் செய்துகொள்ளலாம். ராடு அப்படியல்ல. மட்டமான ராடை வாங்கிவிட்டால், அதற்கென்று வாங்கிய பிளேட்டுகளும் பின்னால் உதவாது. இதற்குக் காரணம் ஓட்டை. சாதாரண ஜிம் ராடு 28 அல்லது 30 மில்லிமீட்டர் தடிமன், அதன் பிளேட்டில் ஓட்டையும் அந்த அளவுதான். ஒலிம்பிக் ராடின் முனைக்குழல் 50 மில்லிமீட்டர். சின்ன ஓட்டையில் ஒரு முறை இறங்கிவிட்டால் மேலே வர வேண்டுமானால் எல்லாவற்றையும் விற்றுத் தலைமுழுக வேண்டும்.

ஆண்களுக்கான போட்டி ராடு 20 கிலோ எடை, 2.2 மீட்டர் நீளம், பிடிக்கும் இடத்தில் 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கானது 15 கிலோ, 2.01 மீட்டர், 25 மில்லிமீட்டர். பார்வைக்கு மூன்று மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணின் கட்டைவிரலை ராடோடு வைத்து, அதன்மேல் மற்ற விரல்களை மூடிப் பிடிக்கிற கொக்கிப் பிடியில் அந்த மூன்று மில்லிமீட்டர்தான் எல்லாம். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது 15 கிலோ ராடு ஒன்று. நீங்களும் அதையே தூக்கலாம், உங்கள் கணவரும் தொடங்கலாம். இரண்டு ராடிலும் இரு பக்கத்துக் குழலுக்கும் இடையிலுள்ள தூரம் ஒன்றுதான், 131 சென்டிமீட்டர். எனவே நாளைக்குக் கணவருக்கென்று 20 கிலோ ராடு வந்தாலும் அதே ஸ்டாண்டில் உட்காரும்.

வாங்கும்போது உங்கள் கணவரையே அழைத்துப் போங்கள். வெர்னியர் பிடித்துப் பழகிய கை இந்த வேலைக்கு மிக நல்லது. பிடியின் தடிமனை நடுவிலும் இரு ஓரங்களிலும் அளக்கட்டும். ராடைச் சமதளத்தில் உருட்டச் சொல்லுங்கள். நடுவில் கொஞ்சம் எழும்பி எழும்பி உருண்டால் ஏற்கெனவே வளைந்தது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். அப்புறம் ராடைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு குழலை விரலால் சுண்டிவிட வேண்டும். அது சத்தமில்லாமல் இரண்டு மூன்று சுற்றாவது சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கடகடவென்று ஆடினாலும் ஆகாது, அரைச் சுற்றில் இறுகி நின்றாலும் ஆகாது. குழலின் கடைசி முனையையும் பார்க்கட்டும். அங்கே ஒரு போல்ட் மட்டும் போட்டு மூடியிருந்தால், எடை அதிரும்போதெல்லாம் அது தளரும், ஒரு நாள் பிளேட்டோடு குழலே கழன்று வரும். வளையப் பூட்டு போட்டதாக இருந்தால் நம்பி எடுக்கலாம். உள்ளே பேரிங் இருந்தால் நல்லது. விலை எட்டவில்லையென்றால் வெண்கல புஷ் போட்டதே வீட்டுக்குப் போதும்.

நர்லிங் என்று லேத்தில் சொல்வார்களே, அந்தச் சொரசொரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். அது பிடிக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. ராடின் பிடியில் இரு பக்கமும் சொரசொரப்புக்கு இடையே மழமழவென்று ஒவ்வொரு வளையக் கோடு இருக்கும். பளுதூக்கும் ராடில் இரு கோடுகளுக்கும் நடுவே 91 சென்டிமீட்டர். பவர்லிஃப்டிங் ராடில் 81. உங்கள் மகளுக்கு வேண்டியது முதலாவது.

மாமியாரின் பயத்துக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாங்கியது எல்லாம் ஸ்டோர் ரூமிலேயே கிடக்கும். முறையாகப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் ஆள் இருந்தால், எடைப் பயிற்சியால் வளர்ச்சி நிற்பதில்லை. பளுதூக்குபவர்களில் பலர் குட்டையாக இருப்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. கை கால் நீளம் குறைவானவர்களுக்கு எடை குறைந்த தூரம் பயணித்தால் போதும். அதனால் அவர்கள் இந்த விளையாட்டில் ஜெயிக்கிறார்கள், ஜெயிப்பவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். சர்வதேசப் பளுதூக்கும் கூட்டமைப்பே 13 வயதிலிருந்து 17 வரை இளையோர் பிரிவு வைத்திருக்கிறது. எலும்பின் வளரும் முனையில் அடிபடுவது விழுவதாலும், அளவுக்கு மீறி ஏற்றுவதாலும், யாரும் பார்க்காமல் செய்வதாலும்தான்.

மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மீராபாய் மணிப்பூரின் மலையடிவாரக் கிராமத்துப் பெண். சிறுமியாக இருக்கும்போது விறகுக் கட்டு சுமந்தவர். அவர் 2021 ஜூலை 24 அன்று டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். உங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தலையில் ஏற்றிச் சரிவில் இறங்குகிற பெண்களின் முதுகும் தொடையும் எவ்வளவு உறுதி என்று மாமியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டிக்கு அருகே முத்தநாடு மந்து என்னும் குடியிருப்பில் தோடர்கள் தங்கள் பண்டிகையின்போது உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்குவது வழக்கம். இளைஞனின் பலத்துக்கு அது சோதனை. பெண்களுக்கு இந்தக் கதவு திறக்கத்தான் நாளானது. பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். அந்த முதல் வாய்ப்பிலேயே ஆந்திரத்துக் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

நம் மாநிலத்தைப் பாருங்கள். வேலூர் சத்துவாச்சாரியில் பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோவும், 2018 கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோவும் தூக்கி இரண்டு முறையும் தங்கம் வாங்கினார். அவருடைய அப்பாவே முன்னாள் ராணுவ வீரர், தேசிய அளவில் பளுதூக்கியவர். வீட்டில் பார்த்துச் சொல்ல ஆள் இருந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் வீட்டில் அந்த ஆள் இல்லை. அதனால் வீட்டு ஜிம் பயிற்சியாளருக்கு மாற்று அல்ல என்பதை மனதில் வையுங்கள். ஊட்டியிலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு, பளுதூக்குதல் தெரிந்த பயிற்சியாளர் யார் என்று கண்டுபிடியுங்கள். வாரத்தில் ஒரு நாளோ, மாதத்தில் இரண்டு நாளோ அவரிடம் போய் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டு தூக்கு முறைகளையும் கற்கட்டும். மற்ற நாள்களில் அவர் சொன்னதை வீட்டில் செய்யட்டும். பக்கவாட்டில் மொபைலை நிறுத்தி வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினால், தவறு கையில் ஊறுவதற்கு முன்னே திருத்திவிடுவார்.

முதல் மாதம் ராடே வேண்டாம். நேரான கற்பூர மரக் கழி ஒன்று, கைக்கு அடக்கமான தடிமனில், ஆறடி நீளம். உங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. பட்டையை உரித்து, கணுவைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுங்கள். தலைக்குமேல் கழியைப் பிடித்தபடி குதிகால் எழும்பாமல் முழுக்கக் குந்தி எழ வரும் வரை அதுதான் பயிற்சி. நம் பிள்ளைகளுக்கு இது பொதுவாகச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

இனி பிளேட்டு. இரும்பு வார்ப்பு, ரப்பர் பூசியது, முழு ரப்பரால் ஆன பம்ப்பர் என்று மூன்று வகை. பளுதூக்குதலில் எடையைத் தலைக்குமேலிருந்து கீழே விட நேரும். அப்போது பம்ப்பர்தான் தாங்கும். இரும்பு விழுந்தால் தரையோ பிளேட்டோ ராடோ ஏதாவது ஒன்று போய்விடும். போட்டியின் பெரிய பிளேட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதனால் தரையில் கிடக்கும் ராடு எப்போதும் 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இது முக்கியமானது. சின்ன இரும்புப் பிளேட்டை மாட்டினால் ராடு கணுக்காலுக்கு இறங்கிவிடும், பிள்ளை முதுகை வளைத்துக் குனிந்து எடுக்கப் பழகிவிடுவாள். பெரியவர்கள் எடையைக் குறைத்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே முதுகு கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே முழு விட்டத்தில் வரும் 5 கிலோ பிளேட்டு ஒரு ஜோடி, 10 கிலோ பம்ப்பர் ஒரு ஜோடி, மேலே போட 2.5, 1.25 கிலோ இரும்பு ஒவ்வொரு ஜோடி. ராடையும் சேர்த்தால் 52.5 கிலோ. முதல் வருடத்துக்கு மகளுக்கு இது போதும். அரைக் கிலோ பிளேட்டு ஒரு ஜோடி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். போட்டியிலேயே குறைந்தபட்சம் ஒரு கிலோ கூட்டினால் போதும், வளரும் பிள்ளைக்கும் அதுவே சரியான படி. முழு விட்டத்து 5 கிலோ கிடைக்காவிட்டால் சின்னப் பிளேட்டுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

பிளேட்டில் பொறித்திருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மலிவான வார்ப்பில் பத்துக் கிலோ என்று போட்ட இரண்டு பிளேட்டுகள் தங்களுக்குள்ளேயே கால் கிலோ, அரைக் கிலோ வித்தியாசப்படும். ராடின் ஒரு பக்கம் அரைக் கிலோ கூடினால் தோளில் வாங்கும்போது உடம்பு ஒரு பக்கம் திரும்பும், காரணம் தெரியாமல் பிள்ளையின் தோளைக் குறை சொல்வோம். பக்கத்தில் கொழுந்து எடை போடும் இடம் எங்காவது இருக்கும். கேட்டுக்கொண்டு அந்தத் தராசில் ஒவ்வொரு பிளேட்டையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். உண்மையான எடையைச் சாக்பீஸில் எழுதி, நெருங்கி வருகிற இரண்டை ஜோடி சேர்த்து, பிறகு பெயின்ட்டில் குறித்துவிடுங்கள். போட்டி நிறங்களையே பயன்படுத்தினால் மகளுக்குப் பழகிவிடும்: 25 சிவப்பு, 20 நீலம், 15 மஞ்சள், 10 பச்சை, 5 வெள்ளை.

கணவருக்குக் கனமாக வேண்டும் என்றால் அதற்குச் சாதாரண 50 மில்லிமீட்டர் ஓட்டை இரும்புப் பிளேட்டு போதும். வார்ப்படத் தொழில் நிறைந்த கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே விசாரித்துக் கிலோ கணக்கில் வாங்குவது மலிவு. ஆனால் அதை மாட்டித் தூக்குகிறவர் கீழேயும் மெதுவாகவே வைக்க வேண்டும்.

எந்த அறை என்று கேட்டீர்கள். ஸ்டோர் ரூம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலையில் வீடு எப்படிக் கட்டுகிறோம் என்று யோசியுங்கள். மேட்டுப் பக்கம் மண்ணை வெட்டுகிறோம், வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கம் கொட்டி நிரப்பித் தடுப்புச்சுவர் எழுப்புகிறோம். மேட்டுப் பக்க அறை வெட்டிய கெட்டி நிலத்தின்மேல் நிற்கிறது. பள்ளப் பக்க அறை கொட்டிய மண்ணின்மேலோ, உங்கள் வீட்டைப் போலக் கீழ்த்தள அறையின் கூரைமேலோ நிற்கிறது. எடை சும்மா கிடப்பது பெரிய பாரமில்லை. வீட்டுத் தளங்களை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்குகிற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். விழுகிற எடை வேறு சங்கதி. ஐம்பது கிலோ மேலிருந்து விழும்போது அந்த ஒரு கணம் தளம் தாங்குவது அதைப்போலப் பல மடங்கு. தினமும் அதே இடத்தில் விழுந்தால் கீழே குடியிருப்பவரின் கூரைப் பூச்சு உதிரும், உறவும் கெடும். தடுப்புச்சுவருக்கு அருகே தினமும் அதிர்ச்சி கொடுப்பதும் நல்லதல்ல. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மண் எப்படிச் சரிந்தது என்று நீங்கள் பார்த்தவர்கள். வெளியே கொட்டகை போடும் யோசனை வந்தால் அதையும் விடுங்கள். விடியற்காலையில் கரடி சுற்றுகிற ஊரில் பிள்ளையைத் தனியே வெளிக்கொட்டகைக்கு அனுப்ப முடியாது.

ஸ்டோர் ரூம் அளவு போதுமானது. ராடை 11 அடி நீளவாக்கில் வையுங்கள். 15 கிலோ ராடுக்கு இரு பக்கமும் இரண்டடிக்கு மேல் மிஞ்சும், பிளேட்டு மாட்டிக் கழற்ற அது போதும். 9 அடி வாக்கில் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் ஓரடிக்குச் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கும், சுவரில் இடிக்கும். உயரம் 9 அடி என்கிறீர்கள். ஐந்தேமுக்கால் அடி ஆள் தலைக்குமேல் ராடைப் பிடித்தால் ஏறக்குறைய ஏழேகால் அடி வரும், பிளேட்டின் மேல்விளிம்பு இன்னும் முக்கால் அடி ஏறும். ஆக எட்டடி. நடுவில் தொங்கும் பல்பை மட்டும் சுவருக்கு மாற்றுங்கள். பரண் இருந்தால் அதன் கீழே ஸ்டாண்டை வைக்காதீர்கள்.

தரைக்குச் செலவு அதிகமில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போடும் தடித்த ரப்பர் விரிப்பு இருக்கிறதல்லவா, பால் மாடு வைத்திருப்பவர்கள் வாங்குவது, அதைவிட நல்லது இதற்கு நான் கண்டதில்லை. முக்கால் அங்குலத்துக்கு நெருங்கிய தடிமன், வழுக்காது, வருடக்கணக்கில் உழைக்கும். நடுவில் கால் வைத்து நிற்கும் இடத்தில் மட்டும் முக்கால் அங்குல பிளைவுட் இரண்டு அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஸ்க்ரூ அடியுங்கள். இரு பக்கமும் பிளேட்டு விழும் இடத்தில் ரப்பரும் இரண்டு அடுக்கு. மேற்பரப்பு மூன்றும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும், விளிம்பில் கால் தடுக்கக் கூடாது. ரப்பர் விரிப்பு புதிதாக இருக்கும்போது நாற்றம் அடிக்கும். கழுவி, வாரம் பத்து நாள் வெயிலில் காயப்போட்டபின் உள்ளே கொண்டுவாருங்கள்.

காலுக்கு ஸ்பாஞ்ச் வைத்த ரன்னிங் ஷூ ஆகவே ஆகாது. எடை ஏறும்போது கால் அதில் அமிழ்ந்து ஆடும். பளுதூக்கும் ஷூவில் குதிகால் கெட்டியாக, சற்று உயரமாக இருக்கும். அதை அடுத்த வருடம் பார்க்கலாம். இப்போதைக்குப் பள்ளிக்குப் போடுகிற தட்டையான வெள்ளை கேன்வாஸ் ஷூவே போதும். கையுறை வேண்டவே வேண்டாம், பிடி கெடும்.

ஸ்டாண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். தனித்தனியாக நிற்கும் இரண்டு கால் ஸ்டாண்டு விலை குறைவு, ஆனால் ராடை ஒரு பக்கம் இடித்தாலே சாயும். இரண்டு கால்களையும் கீழே பட்டை வைத்து இணைத்த, தோள் உயரத்துக்கு ஏற்ப மாற்றுகிற, முழுக்கக் குந்தும்போது ராடு இறங்கும் மட்டத்துக்குச் சற்றே கீழே தாங்குக் கம்பி நீட்டியிருக்கிற ஸ்டாண்டாக இருக்கட்டும். குந்தி எழ முடியாமல் போனால் ராடை அந்தத் தாங்குக் கம்பியில் இறக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம். வீட்டில் தனியாகச் செய்பவருக்கு உயிர்காப்பு அதுதான். சொந்த வீடு என்பதால் ஸ்டாண்டை ஓதமில்லாத சுவரில் போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். பட்டறையில் செய்வதானால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத சதுரக் குழாய் கேளுங்கள், வெல்டிங்கை உங்கள் கணவர் பார்த்து வாங்கட்டும்.

பெஞ்ச்சை ஆயுத பூஜை போனஸுக்குத் தள்ளிவையுங்கள். பளுதூக்குதலுக்கு அது அடிப்படைத் தேவையில்லை. வாங்கும்போது மடக்காத தட்டை பெஞ்ச்சாக வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் தாங்கும் எடை, படுப்பவரின் எடையையும் சேர்த்தது என்பதை மறக்க வேண்டாம். கணவர் யாரும் இல்லாத நேரத்தில், தாங்குக் கம்பியும் இல்லாமல், படுத்து மார்புக்குமேல் தூக்குவதாக இருந்தால் ராடின் ஓரத்தில் கிளிப் போடக் கூடாது. முடியாமல் போனால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைக் கொட்டிவிட்டுத் தப்பிக்கலாம். கிளிப் போட்டிருந்தால் அதுவும் முடியாது. மற்ற எல்லா நேரமும் கிளிப் கட்டாயம்.

கடைசியாக ஓதம். உங்கள் மலையில் ராடுக்கு எதிரி எடையல்ல, பனிமூட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னல் திறந்திருந்தால் மேகமே அறைக்குள் வரும். குளிர்ந்த இரும்பில் ஈரம் பூக்கும், அதோடு வியர்வை உப்பும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் நர்லிங் பள்ளங்களில் செம்பழுப்பு ஏறிவிடும். வாங்கும்போதே பூச்சில்லாத வெறும் எஃகு, கறுப்புப் பூச்சு மட்டும் போட்டது இரண்டையும் தவிருங்கள். ஹார்டு குரோம் நல்லது, ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. ராடை ஓதச் சுவரிலோ சிமென்ட் தரையிலோ சாய்த்து நிறுத்தாதீர்கள். எதிர்ச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து, ரப்பர் சுற்றி, கிடையாக வையுங்கள். பயிற்சி முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் நர்லிங்கில் ஒட்டியிருக்கும், பிடி வழுக்காமலிருக்கக் கையில் தடவும் வெள்ளை மாவைத் தட்டியெடுக்க வேண்டும், அந்த மாவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. மாதம் ஒரு முறை தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, மறுநாள் நன்றாகத் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் இதுவே வாரம் ஒரு முறை. குழல் சுழலும் இடத்தில் இரண்டு சொட்டு விடலாம். அந்தச் சுவரின் ஓதத்துக்கு உள்ளே பெயின்ட் அடித்துப் பயனில்லை. மேட்டுப் பக்கம் சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டினால்தான் குறையும். அதை மழைக்கு முன்னே செய்யுங்கள்.

பழைய சாமான் வாங்கத் தயங்க வேண்டாம். வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரிக்கு ஓராண்டுப் படிப்புக்கு வரும் அதிகாரிகள், முடிந்து மாற்றலாகும்போது கனமான பொருள்களை விற்றுவிட்டுப் போவதுண்டு. சித்திரைக்கு முன்னும் பின்னும் விசாரித்துப் பாருங்கள். மேலே சொன்ன சோதனைகளைப் பழைய ராடுக்கும் செய்தாக வேண்டும். புதிதாக வாங்கினால், சரக்கு லாரி ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பிளேட்டை ஜோடி ஜோடியாகக் கோணிப்பையில் இறக்குங்கள். ராடை இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். ஈரப் படியில் ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினால் முனை எங்காவது இடிக்கும், ஆளும் வழுக்குவார்.

நீங்களும் செய்யலாமா என்று கேட்டதற்கு வருகிறேன். செய்யுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பும் தசையும் கரையாமல் காப்பதில் எடைப் பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் முதலில் முட்டியை எலும்பு மருத்துவரிடமும், ரத்த அழுத்தத்தை உங்கள் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். அவர்கள் சரி என்றால், நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதிலிருந்து தொடங்குங்கள். பத்து முறை வலியில்லாமல் வந்தபின் 5 கிலோ பிளேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே செய்யலாம். பிறகு மகளின் 15 கிலோ ராடை முழங்கால் உயரக் கட்டைமேல் வைத்து, முதுகை நேராக வைத்து எடுத்து வைக்கப் பழகுங்கள். தலைக்குமேல் வீசித் தூக்குவது உங்களுக்கு இப்போது தேவையில்லை. மார்கழி, தை குளிரில் கால் மணி நேரமாவது படியேறி இறங்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டபின் ராடைத் தொடுங்கள். மகளுக்கும் அதுவே விதி. முட்டி மறுநாள் வீங்கினால் அந்த வாரம் எடையைக் குறையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வீங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.